மூலையில் இருக்க ஆள் வேண்டாம்

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திட்டச் சொன்னால் இப்போதே தொடங்கிவிடுவேன், மூச்சு விடாமல். இத்தனை வருடம் கழிந்தும் அந்த மனுசனை நினைத்தால் முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

சண்டைக் காலம் அது. தேற்றாத்தீவில் வாவிக்கரைப் பக்கம், தென்னந்தோட்டத்துக்குள் ஒரு தும்புக் கொட்டில் இருந்தது, தேங்காய்த் தும்பில் கயிறு திரிக்கிற இடம். கொட்டிலை ஒட்டி ஓலைக் கிடுகு வேய்ந்த ஒரு வீடு. அதில் இருந்தவர்கள் யாருக்கும் கண் தெரியாது. கண் மட்டும் தெரியாதவர்களுக்குப் பட்டணத்தில் பள்ளிக்கூடம், விடுதி என்று ஏதோ இருந்தன. இவர்களை அந்த இடங்கள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டன. சின்னராசாவுக்குக் கண்ணோடு வலிப்பும் இருந்தது. தங்கமணிக்கு ஒரு பக்கத்துக் கை சூம்பிப் போயிருந்தது. நான் சொல்ல வந்த மனுசனுக்குச் சிறுவயதில் சின்னமுத்து அம்மை வந்து கண் போனது. சண்டை தொடங்கிய காலத்தில் செல் குண்டு விழுந்து ஒரு கால் போனது. கண்ணோடு இன்னொன்றையும் சேர்த்து இழந்தவனுக்கு எங்கேயும் இடமில்லை என்று ஆனபிறகு, ஊரில் வசதியான நாலு பேர் கூடிக் கொடுத்த துண்டுக் காணியில் இவர்களே போட்ட கொட்டில் அது.

கண் உள்ள ஆள் ஒன்று தேவை என்று என்னை எடுத்தார்கள். தோட்டங்களில் தேங்காய்ப் பொச்சுமட்டை வாங்கிக் கொடுப்பது, திரித்த கயிற்றைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோய் விற்பது, இதுதான் என் வேலை. முதல் நாள் போய் நின்றபோது அவர் கயிறு முறுக்கும் ராட்டைச் சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"கண் தெரியுமா உனக்கு?"

"ஓம் அண்ணன், நல்லாத் தெரியும்."

"அப்ப கயிறு திரிக்க உதவமாட்டாய். வேற என்ன தெரியும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் சொன்னதன் அர்த்தம் விளங்கியது. ராட்டு ஒரு முனையில் நட்டிருக்கும். அவர் ஒரு முக்காலியில் இருந்து அதன் கைபிடியைச் சுற்றுவார். திரிக்கிறவர் தும்பை இடுப்பில் கட்டிக்கொண்டு, நுனியை ராட்டுக் கொக்கியில் மாட்டி, விரலால் தும்பு விட்டு விட்டுப் பின்பக்கமாக நடந்து போவார். முன்னுக்கு வருகிற நடையே அதில் இல்லை. கண் உள்ளவன் என்றால் திரும்பித் திரும்பிப் பார்த்து இழையைக் கெடுத்துவிடுவான். இவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இழை அறுந்தாலோ நீளம் போதுமென்றாலோ திரிக்கிறவர் "நில்!" என்று கத்துவார், ராட்டு நிற்கும். "சுத்து!" என்றால் சுற்றும். பகல் முழுக்க அந்தக் கொட்டிலில் கேட்கிற சத்தம் இது இரண்டும்தான்.

அவர் மனதில் இருந்ததும் ஒன்றுதான், வேலை. யார் வந்தாலும் பேர் கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார். "என்ன வேலை தெரியும்?" என்றுதான் கேட்பார். 'பாவம்' என்ற சொல் காதில் விழுந்தால் முகம் சுருங்கிப் போகும், பல்லுக்குள் மண் அகப்பட்ட மாதிரி.

ஒரு நோன்பு மாதம். சின்னராசாவுக்கு வலிப்பு வந்து வந்து போன கிழமை, கயிறு சரியாக வரவில்லை. ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெல்லிசு. அதையும் கட்டி எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். நாங்கள் கயிறு கொடுக்கும் கடைக்கார ஹாஜியார் கட்டைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. பிறகு சிரித்தார்.

"பரவாயில்ல தங்கச்சி, நோன்பு காலம். அதுகள் பாவம். வைச்சிட்டுப் போங்க" என்று முழுப் பணத்தையும் தந்தார். நான் பெரிய காரியம் சாதித்தவள் போல வந்து சொன்னேன். ராட்டு நின்றது.

"போய்க் கட்ட எடுத்துக்கொண்டு வா."

"இப்பவா? வெயில் கொளுத்துது அண்ணன். வழியெல்லாம் ஆமிக்காரன்ட சென்ரி. நாளைக்குப் போறன்."

"நாளைக்கு அவர் அத வித்துப்போடுவார். வாங்கினவன்ட மாடு அறுத்துக்கொண்டு ஓடும். பிறகு அவன் என்ன சொல்லுவான்? குருடன் திரிச்ச கயிறு, இப்பிடித்தான் இரிக்கும் எண்டு சொல்லுவான். இண்டைக்கே போ."

போனேன். கட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, காலையில் என்னை மறித்த அதே ஆமிக்காரன் திரும்பவும் மறித்தான். விற்கவென்று கொண்டுபோன அதே கட்டு அன்றைக்கே திரும்பி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? றோட்டோரத்தில் முழுக் கயிற்றையும் அவிழ்க்க வைத்தான். வெயிலில் குந்தியிருந்து அதைத் திரும்பச் சுற்றும்போது அந்த மனுசனுக்கு நான் கொடுத்த சாபத்தை இங்கே எழுத முடியாது.

கடையில் ஹாஜியார் பணத்தைத் திருப்பி வாங்கும்போது, "அந்த மனுசனுக்கு என்ன திமிரு கா!" என்றார். அதன் பிறகு எங்கள் கயிறு போனால் அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வருவார். ஒரு பிசிறு இருந்தாலும் விடமாட்டார். கத்துவார், குறைப்பார், திருப்பி அனுப்புவார். நான் வந்து ஹாஜியார் ஏசினதைச் சொல்லச் சொல்ல இவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

வீட்டுக்குள்ளும் அவர் சட்டம்தான். ஆளுக்கொரு நாள் சமையல். அவரவர் சோற்றுக் கோப்பையை அவரவர் கழுவ வேண்டும். வீட்டிலிருந்து கிணற்றுக்கும் கக்கூசுக்கும் கொட்டிலுக்கும் இடுப்பு உயரத்தில் கயிறு ஓடும்; அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் நடப்பார்கள். ஒருமுறை சுற்றிவளைப்பு என்று வந்த ஆமி அந்தக் கயிறுகளையெல்லாம் வெட்டிப்போட்டுவிட்டுப் போனது. ஏன் வெட்டினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஒருவன் இவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். "பாத்து முடிஞ்சா போங்க, வேலை நேரம் போகுது" என்றார் இவர். நல்ல காலம், அவனுக்குத் தமிழ் தெரியாது. அன்றைக்குக் கயிறு முழுவதையும் திரும்பக் கட்டி முடிக்கும்வரை யாருக்கும் சோறில்லை. தங்கமணி ஒற்றைக் கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டார். நான் உதவப் போனேன். "உன்ட வேலையப் பார் புள்ள" என்று அனுப்பிவிட்டார்.

பூரணமக்கா வந்த நாளைத்தான் என்னால் மன்னிக்க முடியாமல் இருந்தது.

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில் இருந்தது, இந்தப் பக்கம் ஆமியின் கையில். எங்களுக்குப் பக்கத்து முகாமிலிருந்து எங்கள் தலைக்கு மேலால்தான் அந்தப் பக்கத்துக்குச் செல் அடிப்பார்கள். அடித்தால் கூரைக் கிடுகிலிருந்து தூசு கொட்டும். அப்படி அடித்த ஒரு கிழமையில், தோணியில் வாவியைக் கடந்து ஒருவர் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பூரணமக்காவுக்குப் பிறவியிலேயே கண்ணும் இல்லை, காதும் இல்லை. ராட்டுக்காரரைவிட வயதில் மூத்தவர். தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

"என்ன வேலை செய்வா?" என்றார் இவர்.

"வேலையா? கண்ணும் தெரியா, காதும் கேளா. செல்லடிக்கு நாங்க ஓடக்குள்ள இவவ இழுத்துக்கொண்டு ஓட ஏலாம இரிக்கு. ஒரு கரைச்சலும் தரமாட்டா. ஒரு மூலையில இருப்பா, பாவம்."

"எங்கட மூலையெல்லாம் தும்பு கிடக்கு. மூலையில இருக்க ஆள் வேண்டாம். கூட்டிக்கொண்டு போ."

"உங்களுக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இரிக்கா?" என்று நான் கத்தினேன். நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோதே தம்பிக்காரன் வேலிப் படலையைத் தாண்டிப் போய்விட்டான். பூரணமக்கா வாசல் தூணைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

"சரி, நிக்கட்டும். சோறு எங்க இரிக்கெண்டு தானே தேடித் தின்னட்டும். ஆரும் அவட கையில கோப்பையக் குடுக்கப்படா" என்றார் அவர்.

காலையிலிருந்து அந்த மனுசி தூணடியிலேயே இருந்தது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போனேன். சோற்று மணத்திலேயே அறிந்து இவர் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார். "வை புள்ள." நான் அழுதேன். சின்னராசாவும் அழுதார். இவர் வெற்றிலை போட்டார்.

வெயில் சாயும்போது பூரணமக்கா எழும்பினார். சுவரைத் தடவினார். இடுப்புக் கயிறு கையில் பட்டது. அதைப் பிடித்துக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வந்தார். இன்னொரு கயிற்றைப் பிடித்துக் கொட்டிலுக்குப் போனார், அதிலிருந்தும் வந்தார். கடைசியில் மூக்கைத் தூக்கி மணந்துகொண்டு குசினிக்குள் தவழ்ந்து போய், இராச் சோறு வடித்து வைத்த கொதிகஞ்சிப் பானையைத் தட்டிவிட்டார். மணிக்கட்டில் கொதிகஞ்சி கொட்டி, அலறினார். தன் குரலைத் தானே கேட்டறியாத ஒருவர் போடும் சத்தம் அது. மாட்டுக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு சத்தம்.

"எரிஞ்சிட்டா?" என்று வெளியில் இருந்து இவர் கேட்டார்.

"ஓம்! உங்கட வாயும் எரியட்டும்!"

"மருந்து போடு. அதுக்கு நான் வேண்டாமெண்டு சொல்லல்ல." கொஞ்சம் பொறுத்து, "சாப்பிடுறாவா?"

நான் திரும்பிப் பார்த்தேன். பூரணமக்கா சோற்றுப் பானையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, எரியாத கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

"அப்ப இரிக்கட்டும்."

மணிக்கட்டுப் புண் காய்ந்ததும் ஒரு நாள், இவர் இழையின் நுனியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு ராட்டைச் சுற்றினார். முறுக்கு இழை வழியே ஏறி வந்து பூரணமக்காவின் விரலுக்குள் புகுந்தது. அக்கா திடுக்கிட்டார். பிறகு சிரித்தார். புரைக்கேறியது போன்ற ஒரு சிரிப்பு, நாங்கள் பயந்துபோனோம். அவர் வேகத்தைக் குறைத்தார், கூட்டினார். அக்கா இழையைச் சுண்டி இழுத்தார். அவர் நிறுத்தினார். திரும்பச் சுண்டினார். அவர் சுற்றினார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அந்த விளையாட்டை விடாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரு முழம் கயிறும் உருப்படியாக வரவில்லை, அவர் அதற்கு ஏசவும் இல்லை. கொஞ்ச நாளில் அக்கா மற்றவர்களைப் போலவே பின்னால் நடந்து திரிக்கத் தொடங்கிவிட்டார். கத்துவதற்குப் பதில் இழையைச் சுண்டுவார், அவ்வளவுதான். இருந்தாலும் அந்தச் சுட்ட தழும்பைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு இவர்மேல் வயிறு எரியும்.

பட்டணத்திலிருந்து ஒருமுறை ஒரு ஐயாவும் அம்மாவும் வெள்ளை வானில் வந்தார்கள். இப்படிப் பல குறை உள்ளவர்களுக்கென்று ஒரு இல்லம் கட்டப்போகிறார்களாம். இவர்களிடம் வேலை வாங்குவது கொடுமை, இவர்களுக்குத் தேவை பராமரிப்பு என்று அந்த அம்மா சொன்னார்.

"கட்டில் தருவீங்களா?" என்று இவர் கேட்டார்.

"மெத்தையோட கட்டில். பார்க்கத் தாதி. மூன்று நேரமும் சாப்பாடு."

"விடியக் காலையில எழும்பி என்ன செய்யிற?"

"ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஓய்வாக இருக்கலாம்" என்றார் ஐயா.

"செத்த பிறகு இருக்கிறம்" என்று ராட்டைச் சுற்றத் தொடங்கினார்.

அந்த அம்மா படம் எடுப்பதற்காகக் கயிற்றுப் பாதையின் நடுவில் போய் நின்றார். சின்னராசா தன்பாட்டில் பின்பக்கமாக வந்து முட்ட, இரண்டு பேரும் வாவியில் ஊறின பொச்சுமட்டைக் குவியலில் விழுந்தார்கள். அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"ஆர் விழுந்த?"

"வந்த அம்மா."

"கயிறு அறுந்திட்டா?"

இதுதான் அவர். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு, வெளியில் கோபம். அந்த இல்லத்துக்குப் போயிருந்தால் மாரி மழைக்கு முன்னம் ஓட்டுக்கூரைக்குக் கீழே இருந்திருப்பார்கள் என்று அன்றைக்கு அவரோடு சண்டை பிடித்தேன். பதில் சொல்லவே இல்லை. அப்போதெல்லாம் அவர் பாதிப் பேச்சுக்குப் பதில் சொல்லுவதில்லை. திமிர் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

திமிர் இல்லை. காது போய்க்கொண்டிருந்தது. முகாமிலிருந்து எங்கள் தலைக்கு மேலால் போன செல்லெல்லாம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு போயிருக்கிறது. ராட்டுக் கைபிடியின் பாரத்தை வைத்தே எப்போது நிறுத்துவது, எப்போது சுற்றுவது என்று அவர் சமாளித்து வந்திருக்கிறார். ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. காது கேளாத ஆள் ராட்டில் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ராட்டை விட்டால் வேறு வேலை அவருக்கில்லை, வேலை இல்லாதவனுக்கு அந்த வீட்டில் இடமில்லை. யார் போட்ட சட்டம் அது?

மாரி விட்ட ஒரு நாள் காலை. நான் வாவிக்கரையில் ஊறின மட்டை எடுத்துக்கொண்டு நின்றேன். கொட்டிலில் தங்கமணி "நில்!" என்று கத்துவது கேட்டது. பிறகும் "நில்! நில்!" பிறகு அது கூக்குரலாக மாறியது. ஓடினேன். சின்னராசா திரித்துக்கொண்டு போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்து கிடந்தார். இழை அவர் விரல்களில் சுற்றியிருந்தது. ராட்டு நிற்கவில்லை. முறுக்கு ஏற ஏறக் கயிறு விரலை நெரித்துக்கொண்டு போனது. தங்கமணி ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்கே கேட்கிற கதறல்.

அவர் ராட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல சந்தோசம்.

"இண்டைக்குத்தான் எல்லாரும் வாயப் பொத்திக்கொண்டு வேலை செய்யிறீங்க" என்றார்.

பாய்ந்து கைபிடியைப் பிடித்தேன். "ஆர்ரா அது?" என்று என் கையில் ஓங்கி அடித்தார். நான் விடவில்லை. என் கையைத் தடவிப் பார்த்து நான்தான் என்று அறிந்தார். பிறகு என் தொண்டையில் கையை வைத்தார். நான் கத்திக்கொண்டிருந்தேன், தொண்டை அதிர்ந்தது. அது அவர் கைக்குத் தெரிந்தது. கையை மெல்ல எடுத்தார்.

ஆசுபத்திரியில் சின்னராசாவின் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவர் அந்த முக்காலியிலேயே இருந்தார். உள்ளங்கையை நீட்டினார். கண் போகுமுன்னம் அவர் பள்ளிக்கூடம் போனவர், எழுத்துத் தெரியும். உள்ளங்கையில் விரலால் எழுதினேன். 'சின்னராசாவின் விரல் ஒன்று போய்விட்டது.' ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார்.

"கத்தினீங்களா?"

'ஓம்.'

"கனநேரமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் வேலை பார்த்த எவருக்கும் அந்தப் பழக்கம் இருக்கவில்லை. 'கனநேரம்' என்று எழுதினேன்.

மறுநாளே, தன்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி பெரியகல்லாற்றில் இருக்கும் தன் கூடப்பிறந்த அக்காவுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். சின்னராசா கட்டுப்போட்ட கையோடு வந்து, "எனக்கு இன்னும் ஒம்பது விரல் இரிக்கு அண்ணன், போகாதீங்க" என்றார். அதை அவர் கையில் எழுதினேன். "அவன் எனக்கு இரங்கிறான்" என்றார். கொட்டிலில் தும்புக்கு மட்டை அடிக்கலாமே என்று எழுதினேன். "அதுக்குத் தங்கமணி இரிக்கா. எனக்கெண்டு ஒரு வேலைய இட்டுக்கட்டாத."

பூரணமக்காவுக்கு நடந்ததெல்லாம் எப்படி விளங்கியதோ தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று மத்தியானம் ஒரு மெல்லிய கயிற்றை எடுத்துவந்து, கொட்டிலின் தூண்களுக்கு மேலால் நீளத்துக்கு ஓடவிட்டு, அதன் முனையை அவர் புயத்தில் கட்டினார். பிறகு மறு முனைக்குப் போய்ச் சுண்டினார். நில். திரும்பச் சுண்டினார். சுற்று. யார் எங்கே விழுந்தாலும் பக்கத்தில் நிற்கிறவர் அந்தக் கயிற்றை இழுத்தால் போதும், ராட்டு நிற்கும். காது தேவையே இல்லை. எங்கள் எல்லாருக்கும் அது பளிச்சென்று விளங்கியது. தங்கமணி கை தட்டினார்.

அவர் கயிற்றைப் பிய்த்து எறிந்தார்.

"கயித்தக் கட்டி இழுக்க நான் என்ன வண்டில் மாடா?"

அக்கா திரும்பக் கட்டினார். அவர் திரும்பப் பிய்த்தார். மூன்றாம் முறை அக்காவின் கையில் அடித்தார். அக்கா சும்மா இருக்கவில்லை, திருப்பி அவர் கன்னத்தில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வெகுநேரம் இருந்தார்கள். அக்காவின் கை அவர் புயத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை, கயிறு கட்டவும் விடவில்லை.

இன்னொரு விரல் போய்விடுமென்று பயந்தாரா, அல்லது வீம்பா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய அக்காவின் மனுசன், மச்சான்காரர், சைக்கிளோடு வந்தார். பின்காரியரில் அவரை ஏற்றி, விழாமலிருக்கத் தன் இடுப்போடு அணைத்துக் கட்டிக்கொண்டு போனார். அவர் ஒருவரிடமும் போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.

தங்கமணி ராட்டுச் சுற்றிப் பார்த்தார். ஒற்றைக் கை சோர்ந்துபோகும், முறுக்குப் போதாமல் போகும். ஹாஜியார் இரண்டு முறை கட்டைத் திருப்பி அனுப்பினார். கொட்டில் படுத்துவிடும் போல இருந்தது. அப்போதுதான் ஒரு காலையில் பூரணமக்கா போய் அந்த முக்காலியில் இருந்தார். மெல்லிய கயிற்றை எடுத்துத் தன் புயத்தில் தானே கட்டினார். ராட்டுச் சுற்றியது. நில் என்றால் நின்றது. கண்ணும் காதும் இல்லாத மனுசி. நான் வாசலில் நின்று அழுதேன். உடனே பெரியகல்லாற்றுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று எனக்கு அவசரம் பிடித்தது. காது இல்லாமலும் ராட்டுச் சுற்றலாம் என்று சொன்னால் வந்துவிடுவார், வராமல் என்ன? ஆனால் திரும்பவும் சண்டை மூண்டு றோட்டைப் பூட்டிவிட்டார்கள். திறந்தபோது அடுத்த மாரியும் வந்துவிட்டது.

பெரியகல்லாற்றில் அவருடைய அக்கா என்னை வாங்கோ என்று கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்தார். நல்ல மனுசி, களைத்துப்போன முகம்.

"ஒரு குறையும் விடல்ல புள்ள. நானே குளிப்பாட்டுறன். நானே வாயில சோறு தீத்துறன். ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல. ஆனா சொல்லுக் கேக்கிறாரில்லியே" என்று உள்ளே போய் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

தடித்த கயிறு. ஓரிடத்திலும் பிசிறில்லை. ஹாஜியார் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் ஒரு சொல்லுச் சொல்லமாட்டார். ஆனால் அது தும்பில்லை.

"என்ட மனுசன்ட வலை. புது வலை. கீலங்கீலமாக் கிழிச்சு முறுக்கிப்போட்டார். பாரு, எவ்வளவு வடிவாத் திரிச்சிரிக்கார். இத வாவியில வீசினா மீன் படுமா? அதுக்கு முன்னம் கட்டில் பின்னல அவிழ்த்தவர். என்ட சீலையக் கிழிச்சவர். நாங்க என்ன செய்யிற?"

அவர் பின்னறையில் இருந்தார். இடுப்பில் சுத்தமான சாறம், சவரம் செய்த முகம், தலையணை. இரண்டு கையையும் சாறத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இறுக்கமாகக்கூட இல்லை. அக்கா புண்படாமல் பார்த்துத்தான் கட்டியிருந்தார்.

என் கையால் அதை அவிழ்த்தேன். என் விரலைத் தடவினார், மோந்து பார்த்தார். "மட்டை மணக்குது" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

'வாங்க, போவம்' என்று எழுதினேன்.

"ஆர் ராட்டுச் சுத்துற?"

'பூரணமக்கா.'

"கேளாதே அவவுக்கு."

'புயத்தில் கயிறு கட்டி.'

"ஆருக்கும் விரல் போனதா?"

'இல்லை.'

"நல்லாச் சுத்துறாவா?"

'ஓம்.'

"என்னவிட நல்லாவா?"

அவர் கையை ஆட்டினார், எழுது என்று. அந்தக் கைக்குள் இரக்கத்துக்கு ஒரு பொய்யை எழுதினால் அவருக்கு விளங்கிவிடும். ஹாஜியாரிடம் கொடுத்த கட்டையே திருப்பி வாங்கிவரச் சொன்ன மனுசன். 'ஓம்' என்று எழுதினேன்.

தலையை ஆட்டினார். சந்தோசம் போலத்தான் இருந்தது. பிறகு கேட்டார்.

"அப்ப அங்க எனக்கு வேலை இல்ல. பிறகு நீ என்னத்துக்கு வந்த?"

எழுதுவதற்கு அவர் உள்ளங்கையைத் தேடினேன். அவர் இரண்டு கையையும் பொத்திக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டார். இழுத்துப் பார்த்தேன். விரலை விரிக்கப் பார்த்தேன். ராட்டுச் சுற்றின கை அது, என்னால் அசைக்க முடியவில்லை.

"நாசமறுவானே, வேலைக்கில்ல, உனக்காகத்தான் வந்தன்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். அவருடைய அக்கா குசினியிலிருந்து ஓடி வந்தார். பக்கத்து வளவில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர் கையைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார்.